பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

1

போன வாரம் எனக்கும் ரஸலுக்கும் நடுவே வேலி எழும்பிவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலான மரப்பலகை வேலி. இரண்டு பேர் வந்து ஒரே பகலில் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பு அங்கே இருந்தது இடுப்பளவு கம்பிவலை. அவருடைய நாய் அந்தக் கம்பியில் மூக்கை நுழைத்து என் சமையலறை வாசனையைப் பிடிக்கும். நான் தாளிக்கிற நாளில் வாலை ஆட்டும். இப்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூக்கு நுழைய இடமில்லை.

வேலி ஏன் வந்தது என்பதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இதை வாயால் சொல்ல எனக்கு இங்கே ஆள் குறைவு. சொல்லும் வழக்கமும் குறைவு. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

நான் ஆரணிக்காரன். பட்டுத்தறி ஓடும் தெருவில் பிறந்து, அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்து, கணக்கில் தோற்றவன். இருபத்து நாலு வயது வரை அப்பாவோடு தறியில் உட்கார்ந்தேன். இளைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் தூசி ஆகாது என்றார்கள். சென்னையில் ஓட்டல் சமையலுக்குப் போனேன், அங்கிருந்து துபாய், அங்கிருந்து இந்த டெக்சாஸ். ஒரு தென்னிந்திய உணவகத்தில் பதினான்கு வருடமாக மாவு அரைக்கிறேன், தோசை ஊற்றுகிறேன். ஊர் சிறியது. பக்கத்தில் ராணுவ முகாம் இருப்பதால் தெருவுக்கு நாலு பேர் முன்னாள் சிப்பாய்கள்.

மனைவி செல்வி என்னோடு இல்லை. சண்டை எதுவும் இல்லை. மகள் நித்யாவுக்குக் குழந்தை பிறந்தபோது ஆறு மாதம் என்று போனாள். நித்யா இருப்பது இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊர். பேரனுக்கு இப்போது இரண்டரை வயது. "இன்னும் கொஞ்ச நாளு" என்கிறாள் செல்வி. போனில் பேரனோடு நான் பேசும்போது நித்யா நடுவில் நின்று அவனுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வாள். "சாப்டியா கண்ணு" என்று நான் கேட்பதையும் எடுத்துச் சொல்வாள்.

அதனால் இந்த ஊரில் நான் தினமும் முகம் பார்த்துக் கையை உயர்த்தும் மனிதர் ரஸல் ஒருவர்தான். இன்னொரு பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. ரஸலுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு முறை போருக்குப் போய் வந்தவர். மனைவி பிரிந்துவிட்டார். நாயும் ஒரு பழைய லாரியும்தான் அவருக்குத் துணை. நான் இட்லி கொடுத்தால் அவர் மீன் பிடித்து வந்து கொடுப்பார். "மணி, இந்த வெள்ளைக் கேக்கில் எப்படி உப்பு வந்தது?" என்று முதல்முறை கேட்டார். எங்கள் நட்பு அவ்வளவுதான். நாலு வருடம் அது போதுமானதாக இருந்தது.

2

சென்ற ஆண்டு இதே மாதம். உணவகத்துக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை முற்பகல். கதவைத் தட்டினார்கள். ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் சாதாரண உடையில் இருந்தார்கள், கழுத்தில் அட்டை தொங்கியது. முன்னாள் ராணுவ வீரர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வருகிறோம், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா என்றார்கள்.

அட்டையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த நேரம் அது. உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அவர்கள் குடிக்கவில்லை.

அந்தப் பெண் கேட்டார். "அவர் எப்படிப்பட்ட மனிதர்?"

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பெண் கொடுக்க விசாரிக்கிறார்கள். பையனின் அப்பாவைக் கேட்க மாட்டார்கள். நேராகப் பக்கத்து வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பையன் எப்படிங்க?" என்பார்கள். அதற்குப் பதிலும் ஊரில் தயாராக இருக்கும். கோபம் வராது, குடி கிடையாது, நோய்நொடி இல்லை, படுத்தால் தூங்கிவிடுவான், இருக்கிற இடம் தெரியாது. இதைச் சொல்லாதவன் பக்கத்து வீட்டுக்காரனே இல்லை. நம் வாயால் ஒரு சம்பந்தம் கெட்டுப்போனது என்ற பேர் வந்துவிடக் கூடாது.

என் கல்யாணமே அப்படி நடந்ததுதான். செல்வியின் அப்பா பெரணமல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனைத்தான் கேட்டார். எனக்கு இளைப்பு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமுகிற சத்தம் கன்னியப்பனுக்குத் தெரியாமல் இருக்காது. அவர், "தங்கமான புள்ளைங்க. உடம்பு கல்லு மாதிரி. பத்தாவது பாஸு" என்றார். மூன்று வாக்கியம். ஒன்றுகூட நிஜமில்லை, தங்கம் உட்பட. அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருடமாகியும், அந்த இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து கேட்டதும் என் வாய் ஆரணிக்குப் போய்விட்டது.

"ரொம்ப நல்லவர்."

"கோபப்படுவாரா?"

"இல்லை. கோபமே வராது."

"நன்றாகத் தூங்குகிறாரா, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? "நன்றாகத் தூங்குவார்" என்றேன்.

"திடீர்ச் சத்தங்களுக்குப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. அவர் எதற்கும் பயப்பட மாட்டார். வலுவான மனிதர்."

அந்தக் கேள்வியின்போது எனக்குள் ஒன்று லேசாக இடித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். டிரையரில் போட்டால் வேட்டி முறுக்கிக் கயிறாகிவிடும் என்பதால் எனக்கு எப்போதும் கொடிதான். இரண்டு முனையையும் பிடித்து ஓர் உதறு உதறினேன். கொடியில் விரித்துப் போட்டேன். நாய் குரைத்தது. துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ரஸல் புல்லில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல். நாய் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். பனியில் புல் ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். வளர்ந்த ஆண் விழுந்து கிடப்பதைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வளர்ந்தவன் நான். வேட்டிக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டேன். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் என் கால் விரல்களில் விழுந்தது. சொட்டுவது நின்ற பிறகுதான் அவர் எழுந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது.

இதை அந்த இருவரிடம் சொல்லவில்லை. விழுந்தவனை விழுந்தான் என்று அந்நியரிடம் சொல்வதா? அந்த ஆண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது இருவரும் நன்றி சொன்னார்கள். ரஸலுக்கு நல்லது செய்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்று பாயசம் வைத்தேன்.

3

மறுநாள் வேலையில் பாஷாவிடம் சொன்னேன். பாஷா ஆம்பூர்க்காரன், என்னோடு சமையலறையில் நிற்பவன். பரோட்டா அடித்துக்கொண்டே பேசுவான். கேட்டதும் கையை நிறுத்திவிட்டான்.

"மணிண்ணா, அவங்க எதுக்கு வந்தாங்கன்னு தெரியுமா உனுக்கு?"

"நல்லவரான்னு கேட்டாங்க."

"இன்னாண்ணா நீ. இந்த ஊர்ல பாதிப் பேரு சண்டையில மனசு ஒடஞ்சி போச்சுன்னு சர்க்கார்ல எழுதிக் குட்த்து மாசாமாசம் வாங்கிகினு இருக்கான். அதுல எவன் நெஜம், எவன் டூப்புன்னு புடிக்க வந்திருக்கானுங்க. நீ போயி தூங்குறாரு, கோவமே இல்லன்னு சொல்லிகினு வந்திருக்கே. முடிஞ்சிது அவுரு கதை."

கரண்டியைக் கீழே வைத்தேன். அவர்கள் சொன்ன நான்கு ஆங்கில எழுத்து அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிடிஎஸ்டி. போருக்குப் போய் வந்தவர்களுக்கு மனசில் தங்கிவிடும் அதிர்ச்சி நோய். அவர்கள் அதைச் சொன்னபோது ஏதோ அலுவலகத்தின் பேர் என்று நினைத்துத் தலையாட்டியிருந்தேன்.

"அவர் நிஜமா, பொய்யா பாஷா?"

"எனுக்கின்னா தெரியும். அன்னிக்கு ஆறாம் டேபிள்ல ரெண்டு பேரு குந்திகினு பேசினாங்களே, கேட்டல்ல?"

கேட்டிருந்தேன். ஒரு முன்னாள் சிப்பாய் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டால் தூக்கமில்லை என்று சொல், கூட்டத்துக்குப் போவதில்லை என்று சொல், எங்கே போனாலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவேன் என்று சொல். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். நான் தோசைத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அந்த வார சனிக்கெழம உன் வேலி ஆளு சாப்ட வந்தாரா இல்லியா?" கம்பிவேலிக்கு அந்தப் பக்கத்து ஆள் என்பதால் பாஷா ரஸலுக்கு வைத்த பெயர் வேலி ஆள். "எங்க குந்தினாரு? சொவுரு ஓரமா, கதவப் பாத்துகினு. நான்கூட நெனச்சேன், பாடம் படிச்சிகினு வந்துட்டாருடான்னு."

அவன் சொன்னது சரிதான். ரஸல் எப்போதும் அந்த மூலையில்தான் உட்காருவார். அதை நட்போடு பார்த்தவன் அன்று முதல் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். லாரியைக் கழுவும்போது அவர் விசிலடித்தால், மனசு ஒடிந்தவன் விசிலடிப்பானா என்று தோன்றும். நண்பர் யாரோ வந்து இருவரும் கறி சுட்டுச் சிரித்த அன்று ஜன்னலருகே நின்று எண்ணினேன், எத்தனை முறை சிரிக்கிறார் என்று. எண்ணியபோதே வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணினேன்.

நான் சொன்னது ஒருவேளை நிஜமாகவே இருக்கலாம், அவர் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

4

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து ரஸல் கையை உயர்த்துவதை நிறுத்தினார்.

முதல் நாள் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். இரண்டாம் நாள் நான் கையை உயர்த்தியபடியே நின்றேன், அவர் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இட்லி டப்பாவை வைத்துவிட்டு வந்தால் அது மறுநாள் கழுவி என் வாசலில் இருக்கும். மீன் இருக்காது. இங்கே ஒருவர் நம்மோடு பேசாமல் இருக்க ஒரு முயற்சியும் வேண்டாம். பேசாமல் இருப்பதுதான் இயல்பு. ஆனால் எனக்கு அந்த வீட்டுப் பக்கம் போகவே கால் கூசியது.

ஒன்பதாவது நாள் அவரே வந்தார். கையில் ஒரு கடிதம். உட்காரவில்லை. படித்துக் காட்டினார். உங்கள் மனநோய்க்கான உதவித்தொகையையும் சிகிச்சையையும் குறைக்க உத்தேசித்திருக்கிறோம், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் சொல்லலாம் என்று போட்டிருந்தது. காரணங்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது காரணத்தைப் பெரிய விரலால் தொட்டுக் காட்டினார். பெயர் போடாமல், அருகில் வசிப்பவர் என்று மட்டும் இருந்தது. நன்றாக உறங்குபவர், கோபம் இல்லாதவர், திடீர்ச் சத்தங்களால் பாதிக்கப்படாதவர்.

"அருகில் வசிப்பவர் நீ ஒருவன்தான், மணி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தூக்கம், கோபம் எல்லாம் உனக்குத் தெரியாது, சரி. சத்தம்? நீ பார்த்தாய்."

"எப்போது?"

"உன் வெள்ளைத் துணி. நீ அதை உதறினாய். அது துப்பாக்கி மாதிரி வெடித்தது. நான் தரையில் இருந்தேன். எழுந்தபோது அந்தத் துணிக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. நான் உள்ளே போகும்வரை அது நகரவில்லை."

என் வாழ்நாளில் எத்தனையோ முறை வேட்டியை உதறியிருக்கிறேன். ஊரில் எல்லோரும் உதறுவார்கள். ஈரத்தோடு இரண்டு முனையைப் பிடித்துச் சுண்டினால் சுருக்கம் போகும், படாரென்று சத்தம் வரும். எவ்வளவு பெரிய சத்தமோ அவ்வளவு கெட்டிக்காரத் துவைப்பு என்று சிறுவயதில் போட்டி போடுவோம். அந்தச் சத்தத்தையும் புல்லில் கிடந்த மனிதரையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"மணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெளியே வருவதே இல்லை. கவனித்திருக்கிறாயா?"

கவனித்திருந்தேன். மாதாகோவிலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகாமல் வீட்டுக்குள்ளே, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, நான் துணி காயப்போட்டு முடிக்கக் காத்திருந்திருக்கிறார். பல மாதம். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

"பிறகு ஏன் அவர்களிடம் அப்படிச் சொன்னாய்? உனக்கு நான் என்ன செய்தேன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஆங்கிலம் போதவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். எங்கள் ஊரில் இரண்டு பேர் வந்து விசாரித்தால் அது கல்யாணத்துக்கு. அப்போது பக்கத்து வீட்டுக்காரன் நல்லது மட்டும் சொல்ல வேண்டும். நோய் என்று சொன்னால் துரோகம்.

அவர் கடிதத்தைத் தாழ்த்தினார்.

"அப்படியென்றால் எனக்குக் கல்யாணம் பேசினாயா?"

"ஆமாம்."

"அந்தப் பெண் அதிகாரியோடா?" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியது, அது சிரிப்பாக ஆகவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

5

நித்யாவுக்குப் போன் செய்தேன். அவள் அலுவலகத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, ப்ளீஸ். இதுல தலையிடாதீங்க" என்றாள். "ஒரு தடவ ஆபீசர்ஸ்கிட்ட ஒண்ணு சொல்லிட்டீங்க. இப்ப மாத்திச் சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆகும். உங்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வரப்போகுது. அவர் யாரு நமக்கு?"

அவள் கேட்டதில் தவறில்லை. என்னைப் பற்றிய கவலைதான். ஆனால் "அவர் யாரு நமக்கு" என்பதற்குப் பதில் தேடியபோது, அவளும் செல்வியும் பேரனும் இந்த வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. "சரிம்மா" என்றேன்.

சாயங்காலம் செல்வியே கூப்பிட்டாள். மகள் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏங்க, இன்னாத்துக்குங்க வாய வுட்டீங்க? பத்துப் பேரு எதுர்ல பேரச் சொல்றதுக்கே பயப்படுவீங்க, அவங்ககிட்ட மட்டும் எங்கருந்து வந்துச்சி அவ்ளோ பேச்சு?"

"நல்லதுதானே சொன்னேன்."

"கன்னியப்பன் சொன்ன மாதிரி நல்லது."

கல்யாணமான முதல் ஐப்பசியில் அடைமழையில் எனக்கு மூச்சு முட்டி, அவள் என்ன ஏதென்று தெரியாமல் தெருவில் ஓடிய நாளை இருவருமே மறக்கவில்லை. அன்றைக்கு அவள் கன்னியப்பன் வீட்டுக் கதவைத் தட்டித்தான் உதவி கேட்டாள். அவர்தான் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அவரு அன்னிக்கு உங்கப்பாகிட்ட நெஜத்தச் சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருக்க மாட்டே" என்றேன். இருபத்தேழு வருடத்தில் இதை நான் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் பேரன் எதற்கோ அழுதான். செல்வி அவனை இடுப்பில் மாற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா? மருந்தோட வந்திருப்பேன்" என்றாள்.

பிறகு, "பாத்தத எழுதிக் குடுங்க. பாக்காதத எழுதாதீங்க. பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதிக் கொடுப்பது சுலபமாக இல்லை. தெரிந்தவர் வாக்குமூலம் தருவதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் ரஸலின் கதவைத் தட்டினேன். நீங்கள் விழுந்து கிடந்ததை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். இதைக் கேட்பதற்காக என் வீட்டிலேயே நாலு முறை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதை யாருமே பார்த்ததில்லை, தெரியுமா? என் மனைவிகூட. டாக்டர்களிடம் நானாகச் சொல்வதுதான். பார்த்தவன் நீ ஒருவன்." கொஞ்சம் கழித்து, "எழுது" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் தமிழில் எழுதினேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதினேன். முன்பு சொன்னவற்றில் தூக்கம், கோபம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, மரியாதைக்காகச் சொன்னேன் என்று எழுதினேன். அவர் சிரிப்பதையும் மீன் பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன் என்றும் எழுதினேன், அதுவும் பார்த்ததுதானே. வேட்டி என்பதற்கு அகராதியில் இருந்த வார்த்தை எதுவும் பொருந்தவில்லை. இடுப்பில் கட்டும் நாலு முழ வெள்ளைத் துணி என்று எழுதினேன்.

6

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் அதிகாரி போனில் பேசினார். குரலில் கடுமை இல்லை, இனிமையும் இல்லை.

"அன்று ஒன்று சொன்னீர்கள். இன்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எது உண்மை?"

"அன்று பக்கத்து வீட்டுக்காரன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது நான் பார்த்தது."

"அவர் நடித்திருக்கலாம் இல்லையா? நீங்கள் அங்கே இருப்பது தெரிந்தே?"

சமையலறையில் நின்றபடி யோசித்தேன். ஆறாம் டேபிள் ஞாபகம் வந்தது. கதவைப் பார்த்து உட்காரச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஞாபகம் வந்தது. அப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் இந்தப் பெண்ணுக்கு என்னிடம் இந்தக் கேள்வியே இருந்திருக்காது.

"அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது மேடம். நான் அழைக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. துணியை உதறினேன், அவர் விழுந்தார். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டி நிற்கும்வரை தரையில் கிடந்தார். அவ்வளவு நேரம் யாரும் நடிக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அது என் நினைப்பு. தண்ணீர் சொட்டியது மட்டும் நிச்சயம்."

அவர் தட்டெழுதுகிற சத்தம் கேட்டது. "துணி காய எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"காய்வதற்கு இல்லை மேடம், சொட்டுவது நிற்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை. போனை வைத்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

குளிர்காலம் முழுக்கப் பதில் இல்லை. ரஸலை மறுபடி டாக்டர்கள் பார்த்தார்கள். என் குடியுரிமை நேர்காணல் வந்து போனது, அதில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று நித்யா கைதட்டுகிற படம் ஒன்று அனுப்பினாள். அன்று மதியமும் நான் மாவு அரைத்தேன்.

போன மாதம் ரஸலுக்குக் கடிதம் வந்தது. இப்போதைக்குக் குறைப்பதில்லை, பின்னர் மீண்டும் பரிசீலிப்போம் என்று. அவர் அதை என்னிடம் காட்ட வந்தார். கைகொடுத்தார். அந்தப் பழைய கைவீச்சு மறுபடி வந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் அவர் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. தோளுக்கு மேலே எங்கோ போனது. விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் என்று என்னை அவருக்குத் தெரியும். அது காகிதத்திலும் ஏறிவிட்டது. இனி அதை இருவராலும் பார்க்காததாக வைத்துக்கொள்ள முடியாது.

பிறகுதான் பலகைகளோடு வண்டி வந்தது.

வேலி நட்டு முடிந்ததும், ஆட்கள் போகும் முன் ரஸல் என் வாசலுக்கு வந்தார். எனக்குக் கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பாதி நிஜம்.

"அடுத்த முறை யாராவது வந்து கேட்டால், நான் எதையும் பார்க்கவில்லை என்று நீ சொல்லலாம், மணி. அது உண்மையாகவும் இருக்கும்" என்றார்.

அன்று முழுக்க அந்த வார்த்தையோடு நடந்தேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று விளங்கவில்லை. பாஷாவிடம் சொன்னேன். "பாத்தியா, நான் வெச்ச பேரு. நெஜமாவே வேலி ஆளாயிட்டாரு. வுடுண்ணா, பேஜார் புடிச்ச ஊரு" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் என்னிடம் கேட்ட நாளிலிருந்து நான் வேட்டியை உதறுவதில்லை. பிழிந்து அப்படியே போட்டு, சுருக்கத்தோடு கட்டிக்கொண்டு திரிந்தேன். அன்று கொடிக்கருகே போனபோது பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்பானர் விழுகிற சத்தமும் நாய் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே நின்று லாரியைப் பழுது பார்க்கிறார். எவ்வளவு நாளைக்குப் பிறகு.

நான் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவன் இல்லை. பஸ்ஸை நிறுத்தக்கூடச் சத்தம் போட்டதில்லை. ஈர வேட்டியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகைகளைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"ரஸல்! துணி உதறப்போகிறேன்!"

ஸ்பானர் சத்தம் நின்றது. நாயும் அமைதியாகிவிட்டது. வேட்டியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்விடுவார், கதவுச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. என் நெஞ்சுக்கு நேரே, பலகையின் அந்தப் பக்கத்தில், விரல் மடக்கி இரண்டு முறை தட்டினார்.

உதறினேன்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு தட்டு கேட்டது.

வேட்டியைக் கொடியில் போட்டேன். அன்று அது சுருக்கமில்லாமல் காய்ந்தது.